ஆறவைத்த எரு

விதைப்புக்கு முன்னால் முதல் மழை பெய்து ஓய்ந்ததும் எனக்கு ஒரு வேலை நிச்சயம். எருக்காரர் வீட்டு வாசலில் டிராக்டரை நிறுத்தி, டிரெய்லர் நிறைய எரு ஏற்றிக்கொள்ள வேண்டும். வண்டி நிறைந்ததும் அவர் மேலே ஒரு சாக்கை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். வயது எழுபதைத் தாண்டியவர். ரோடோ குண்டும் குழியுமான ரோடு.

"விழுந்து தொலைச்சீங்கன்னா என் தலைதான் உருளும், ஐயா," என்பேன்.

"எருவுல விழுந்து எவன் செத்திருக்கான்? முளைச்சுதான் வருவான். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

அந்த வண்டி போகிற இடம் அவருடைய மகள் வீடு. ஒரே மகள். அவளுக்கே இப்போது காதோரம் நரைத்துவிட்டது, அவருக்கு இன்னும் பாப்பாதான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு உலகத்தில் இரண்டே விஷயங்கள் மிஞ்சின: பாப்பா, கொல்லையில் இருந்த எருக்குவியல். இரண்டில் எது முதல் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்.

நான் டிராக்டர் ஓட்டிப் பிழைக்கிறவன். எனக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. அதனாலேயே எல்லார் நிலத்தைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. எருக்காரர் நிலத்தைப் பற்றிக் கேட்டால், ஒரு காலத்தில் அது சாகக் கிடந்து பிழைத்த நிலம் என்பேன். சில வருடங்களுக்கு முன்னால் அவருடைய கோதுமையில் வெள்ளைக் கதிர் விழுந்தது. பயிர் பச்சையாகத்தான் வளரும். பால் பிடிக்கிற சமயத்தில் வறண்ட காற்று நாலு நாள் அடித்தால் போதும், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கதிர் வெளுத்துவிடும். கசக்கிப் பார்த்தால் உள்ளே மணி இருக்காது, வெறும் உமிதான். விவசாய ஆபீசிலிருந்து ஓர் அம்மா வந்து பார்த்தார். மண்ணும் வேருமாகவே அலைவதால் அவரை எல்லாரும் மண் டாக்டர் என்றுதான் சொல்வோம். வேரழுகல் என்றார். நோய் இலையில் இல்லை, மண்ணில் இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு நிற்கிற அடித்தாளிலும் வேரிலும் ஒளிந்திருந்து அடுத்த பயிரைப் பிடிக்கிறது. தாளை வேரோடு பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள், சில வருடங்களுக்குக் கோதுமை வேண்டாம், கொண்டைக்கடலையும் கடுகும் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு யாராவது என்றால் பாதி கேட்டுப் பாதி விட்டிருப்பார்கள். எருக்காரர் அப்படியே செய்தார். கொக்கி போட்ட இரும்புக் கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு, முழங்காலுக்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கொளுத்துகிற வெயிலில் வரிசை வரிசையாகத் தவழ்ந்து வயல் முழுக்கத் தாளைப் பிடுங்கினார். ஒவ்வொரு குத்தையும் தட்டி மண்ணை உதிர்த்து, ஓலைக்கூடையில் போட்டு, தலையில் தூக்கி வந்தார். முழங்கால் தோல் உரிந்து புண்ணாகி, ஆறி, மறுபடி உரிந்தது. நிலம் தேறியது. முதலில் கடலை, பிறகு கடுகு, மறுபடி கடலை. அதற்கப்புறம் போட்ட கோதுமையைப் பார்க்க மண் டாக்டரே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை. தாளை எரிக்கவில்லை.

"தீ வைக்கிறதா? அத்தனையும் நிலத்துக்குச் சோறு," என்றார். சாணம் போட்டு, தண்ணீர் தெளித்து, கொல்லையில் குவித்தார். எருப் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, ஆனால் ஒரு பழக்கம் உண்டு. குவியலிலிருந்து ஆவி கிளம்பினால் அவருக்குப் பொறுக்காது. சத்தெல்லாம் புகையாய்ப் போகிறது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஈரத்துணி போடுவது போல மெதுவாகத் தண்ணீர் தெளிப்பார். முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்குள் போவார்.

"இவ்வளவு பாடுபட்டுப் பண்ற எருவை உங்க வயலுக்குப் போட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தாள்னு பேர் சொல்லி எதுவும் என் வயலுக்குள்ள போகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு. இப்ப இது தாள் இல்லதான், எருதான். இருந்தாலும் சொன்ன பேச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல? அதுவும் இல்லாம பாப்பா நிலம் மணல். அதுக்குத்தான் பசி ஜாஸ்தி."

அவருடைய மருமகன் முதலில் தையல்காரர். அம்மா இறந்து நிலம் கைக்கு வந்ததும் கடையை மூடிவிட்டு மண்ணில் இறங்கியவர். தையல் மிஷின் இப்போதும் முன்னறையில், ஜன்னல் ஓரமாக இருக்கிறது. கிழிந்த சாக்குகளை அதில்தான் தைப்பார். ஒரு தையல் கோணாது. நிலத்திலும் அப்படித்தான், அவர் உழுத சால் கயிறு பிடித்தது போல இருக்கும். ஆனால் எருக்காரர் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. மகள் நிலத்தில் வெள்ளைக் கதிர் தலைகாட்டிய வருடத்திலிருந்து அவருக்கு வாய் ஓயவில்லை.

சாப்பிட உட்காருவார். மகள் கஞ்சி ஊற்றி, வேகவைத்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைப்பாள். மருமகன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஆரம்பிப்பார்.

"ஊசி பிடிச்ச கைக்குக் கலப்பை எப்படிப் படியும்? தண்ணி விடுற நேரத்துக்கு விடணும். மாப்பிள்ளை தூங்கி எழுந்து, பல்லு விளக்கி, தலை சீவிட்டுப் போனா பயிர் காத்திருக்குமா?"

"சரி, மாமா."

"என்ன சரி? தப்புன்னு சொல்றேன், சரிங்கறீங்களே!"

"சரி, மாமா."

மகள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். எனக்கு அந்த மருமகனைப் பார்த்தால் எரிச்சலாக வரும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் என்ன குறைந்துபோகும் என்று தோன்றும். அடுத்த வருடம் எருக்காரர் இன்னும் அதிகமாக எரு அனுப்பினார். வெள்ளைக் கதிரும் அதிகமானது. அதற்கும் அடுத்த வருடம் பாதி வயல் வெளுத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் முன்கூட்டியே விளைந்துவிட்ட வயல் மாதிரி அழகாகக்கூட இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த வெள்ளாமையோடு நிலத்தை விட்டுவிடலாமா என்று புருஷனும் பெண்சாதியும் பேச ஆரம்பித்திருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை மண் டாக்டரிடம் காட்டிவிடுவோம் என்று மகள்தான் பிடிவாதமாகச் சொன்னாள். அன்று நான் காலி டிரெய்லரோடு டவுனுக்குப் போகவேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். வேரோடு பிடுங்கிய பயிர்களை ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆபீசில் மண் டாக்டரின் அறை ஒரு சமையலறை மாதிரி இருக்கும். நீள மேஜை, இரண்டு குழாய், வரிசையாக வெள்ளைத் தட்டுகள். அவர் வேர்களைக் குழாயில் காட்டி அலசி, தட்டில் பரப்பினார். பிளேடால் தண்டின் அடியில் இருந்த உறையை உரித்தார்.

"நல்ல தண்டு இந்த இடத்துல வெளிறி இருக்கும். இது பாருங்க, தேன் கலர். உறைக்குள்ள இளஞ்சிவப்பா பஞ்சு மாதிரி இருக்கா? அதான் பூஞ்சை. அப்பா நிலத்துல இருந்த அதே நோய்."

"அது ரொம்ப தூரத்துல இருக்குங்களே. இங்க எப்படி வரும்?" என்றார் மருமகன்.

"தானா நடந்து வராது. யாராவது கொண்டுவந்தாத்தான் வரும். பழைய வைக்கோல், தாள், டயர்ல ஒட்டுன மண்ணு, இப்படி ஏதாவது. வெளியிலேருந்து என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலைங்க. அப்பாவோட எரு மட்டும்தான்," என்றாள் மகள்.

மண் டாக்டர் பிளேடைக் கீழே வைத்தார்.

"எதுல போட்ட எரு?"

அவள் தட்டில் கிடந்த அடித்தண்டையே பார்த்தாள். அவர் மறுபடி கேட்டார். "தாள்ல போட்டதுன்னாலும், குவியல் நல்லா சூடாகி வெந்திருந்தா பூஞ்சை செத்துப்போயிருக்கும். உள்ள கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகணும். ஆகுமா?"

"அப்பா ஆக விடமாட்டாருங்க. ஆவி வந்தா தண்ணி தெளிச்சு ஆத்திடுவாரு." சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "எருவோட சத்து போயிடும்னு..."

குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. மண் டாக்டர் எழுந்துபோய் அதை இறுக்கி மூடினார். "எரிச்சிடுங்கன்னுதான் சொன்னேன்," என்றார். அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு செய்ய வேண்டியதைப் பொறுமையாகச் சொன்னார். மூன்று பயிருக்குக் கோதுமையைத் தொடக் கூடாது. தாளை எடுத்து எரிக்க வேண்டும். கடலையும் கடுகும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நிலம் பிழைத்துவிடும், பயப்படாதீர்கள். ஆனால் அந்த எரு இனி ஒரு கூடைகூட உள்ளே வரக் கூடாது.

திரும்பி வரும் வழியில் ரோட்டோரக் கடையில் டீ குடிக்க நிறுத்தினேன். அவள் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். டீயில் ஆடை கட்டிவிட்டது.

"அப்பாகிட்ட நீ சொல்லாதே," என்றார் மருமகன்.

"சொல்லாம எப்படிங்க? மழை விழுந்தா வண்டியோட வந்து நிப்பாரு."

"இந்த வருஷம் கடலை போடுறோம், எரு வேண்டாம்னு சொல்லிக்கலாம். அவருக்கு வேற என்ன இருக்கு? அந்தக் குவியலும் நீயும்தான். உன் வாயாலேயே அதைப் பிடுங்கிடாதே."

"அப்போ வெள்ளாமை போனதுக்கு உங்களையேல்ல பேசிக்கிட்டு இருப்பாரு?"

"பேசட்டும். கடையில வாங்காத பேச்சா? தீனி தின்னு வயிறு பெருத்தவன் சட்டை பத்தலைன்னு தையல்காரனைத்தான் திட்டுவான். எனக்குப் பழகிப்போச்சு."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள், அது அழுகையாக முடிந்தது. அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த எரிச்சல் அன்றைக்குத்தான் போயிற்று.

"அண்ணே, அப்பா வண்டிக்குச் சொன்னா ஏதாவது சாக்கு சொல்லிடுங்க," என்றாள் என்னிடம்.

சொன்னேன். மழை விழுந்ததும் எருக்காரர் வந்தார், டயர் பஞ்சர் என்றேன். மறுபடி வந்தார், கியர் விழவில்லை என்றேன். மூன்றாவது தடவை நேராக வண்டியில் ஏறி உட்கார்ந்து, "கியரை நான் தள்ளுறேன், நீ ஓட்டு," என்றார். நான் மாட்டேன் என்றால் வேறொருவன் வண்டியில் கொண்டுபோவார். ஏற்றுகிற நேரத்தில் மகளுக்குப் போன் செய்து, வந்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். "சரிண்ணே," என்று வைத்துவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் வேலிப்படலைச் சாத்தி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருமகன் பின்னால் வயலில், இன்னும் பிடுங்கி முடியாத தாள்களுக்கு நடுவில் நின்றிருந்தார்.

"படலைத் திற, பாப்பா."

"இந்த வருஷம் எரு வேண்டாம்பா. கடலை போடுறோம். கடலைக்கு எதுக்கு இவ்வளவு எரு?"

"கடலையா? என்னத்துக்குக் கடலை?" சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே கேட்டார். "யார் சொன்ன யோசனை இது? மாப்பிள்ளையா?"

"ஆமா மாமா, நான்தான் சொன்னேன்," என்று மருமகன் கிட்டே வந்தார்.

அவ்வளவுதான். வண்டியின் மேல் இருந்துகொண்டு அவர் பேசினார் பாருங்கள், எருவைத் தள்ள வந்த ஆட்கள் இரண்டு பேரும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நீங்க ஏன் சொல்ல மாட்டீங்க? உங்கம்மா தங்கம் மாதிரி விட்டுட்டுப் போன நிலம். கால் வச்சீங்க, கருகிப்போச்சு. நானும் வருஷா வருஷம் வண்டி வண்டியாக் கொண்டாந்து கொட்டுறேன், எங்க போகுது? கை சரியில்ல. சில பேர் கை பட்டா மண்ணு கூடச் செத்துப்போகும். தெரியாத்தனமா என் பொண்ணையும் அந்தக் கையிலதான் கொடுத்தேன்."

"சரி, மாமா," என்றார் மருமகன். ஆனால் இந்தத் தடவை அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அவர் இல்லப்பா," என்றாள்.

"பின்ன யாரு?"

"வேணாம், உள்ள போ," என்று மருமகன் அவள் தோளைத் தொட்டார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுதான்பா. உங்க எரு. அந்தத் தாள்ல இருந்த நோய் சாகலை. நீங்க சூடாக விடாம ஆத்திட்டீங்க. அப்படியே இங்க கொண்டாந்து போட்டுட்டோம். டாக்டரம்மா பாத்துட்டாங்க. இவருக்கு எல்லாம் தெரியும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இவர்தான் என் வாயை அடைச்சாரு."

எருக்காரர் முதலில் சிரித்தார். சின்னப் பிள்ளை தப்பாகக் கணக்குச் சொன்னால் சிரிப்போமே, அந்த மாதிரி. பிறகு வண்டியிலிருந்து இறங்கினார். ஆட்கள் கை கொடுக்கப் போனார்கள், அவர் பிடித்துக்கொள்ளவில்லை. படல் ஓரமாக வயலில் நுழைந்து, முழங்காலிட்டு, ஒரு குத்துத் தாளைப் பிடுங்கினார். அது சிரமமில்லாமல் கையோடு வந்தது. கட்டைவிரல் நகத்தால் உறையை உரித்தார். இன்னொரு குத்து பிடுங்கினார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொன்று. அந்தத் தேன் நிறத்தை அவருக்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. ஒரு கோடை முழுக்கத் தவழ்ந்து தவழ்ந்து அவர் பார்த்த நிறம் அது.

வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"எத்தனை பயிருக்கு?" என்று கேட்டார், தலை நிமிராமல்.

"மூணு பயிருக்குப்பா. அப்புறம் சரியாயிடுமாம்."

"ஆமா. சரியாயிடும். எனக்கு ஆச்சே," என்றார். பிறகு மருமகனைப் பார்த்தார். "தெரிஞ்சுமா பேச்சு வாங்குனீங்க?"

"வெயிலா இருக்கு மாமா. உள்ள வாங்க, சாப்பிட்டுப் போகலாம்," என்றார் மருமகன்.

எருக்காரர் சாப்பிடவில்லை. வண்டி குலுங்கியதில் படலுக்கு வெளியே கொஞ்சம் எரு சிந்தியிருந்தது. குனிந்து அதைக் கையால் வழித்து வழித்துச் சாக்கில் போட்டார். மண்ணோடு சேர்த்து வழித்தார். பாப்பா, "விடுங்கப்பா, விடுங்கப்பா," என்று அழுதுகொண்டே கூடக் குனிந்தாள். "நீ தொடாதே," என்று அதட்டினார். வழித்து முடித்துச் சாக்கின் வாயைக் கட்டி வண்டியில் போட்டுவிட்டு, "திருப்பு," என்றார் என்னிடம். அவள் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அன்றைக்கு நினைத்தேன். மருமகன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதை நினைத்தால், சொன்னதுதான் சரி என்றும் தோன்றுகிறது. இன்றைக்கும் எனக்கு இரண்டும் மாறி மாறித்தான் தோன்றுகிறது.

கொல்லையில் இருந்த குவியல் முழுவதையும் அவர் எரித்தார். ஈர எரு லேசில் எரியாது. பரப்பிக் காயவைத்து, விறகு போட்டு, நாள்கணக்கில் புகைந்தது. தெருவில் இருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திட்டினார்கள். மாடுகளை விற்றுவிட்டார். சாணம் இருந்தால்தானே மறுபடி கை அரிக்கும் என்றார்.

மகள் வீட்டுக்கு அவர் போகவில்லை. அவள் வந்து கூப்பிட்டாள், மருமகன் வந்து கூப்பிட்டார். வருகிறேன் வருகிறேன் என்று அனுப்பிவைத்தார். கடலை பூத்திருந்த சமயம், அந்தப் பக்கம் போகிறேன் என்று நான் சொன்னதும் என்ன தோன்றியதோ, மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டார். கையில் ஒரு தண்ணீர் கேன் மட்டும் வைத்திருந்தார். தாகத்துக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, தார் ரோட்டில், நிறுத்தச் சொன்னார். இறங்கி, செருப்பைக் கழற்றி ரோட்டோரக் கல்லில் வைத்தார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு கேன் தண்ணீரைக் கால்களில் ஊற்றினார். ஒரு காலால் மற்றொரு காலைத் தேய்த்தார். குனிந்து விரலிடுக்கில் எல்லாம் விரலை விட்டுத் தேய்த்தார். பிறகு அங்கேயே நின்று வயலைப் பார்த்தார். வயல் நன்றாக இருந்தது.

பாப்பா எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். கழுத்தில் சுற்றிய துணியோடு, களை பிடுங்கிய கையோடு வந்தாள்.

"ஏம்பா இங்கேயே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"பாத்துட்டேன். நல்லா இருக்கு. மாப்பிள்ளைகிட்ட நல்லா இருக்குன்னு நான் சொன்னதாச் சொல்லு."

"நீங்களே வந்து சொல்லுங்க. வாங்கப்பா." கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை. மண் ரோடு ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு முழம் முன்னால், தார் மேலேயே நின்றார்.

"கால்ல மண்ணு இருக்கும், பாப்பா."

"இப்பத்தானே கழுவினீங்க? நான் பாத்துக்கிட்டேதானே வந்தேன்?"

"கழுவினேன்." ஈரக் கால்களைக் குனிந்து பார்த்தார். "நகக்கண்ல இருக்கும். நீ போம்மா, வெயில்ல நிக்காதே."